இரண்டு பிடி வல்லாரை

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கும் குஞ்சும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

ஓங்காளம் கொஞ்சம் குறைந்திருக்கிறதா? நேற்று வீடியோவில் பார்த்தபோது கன்னம் வற்றினமாதிரித் தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றோடு எழும்பி நடமாடாதே. கட்டிலில் இருந்தபடியே இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு, பத்து நிமிடம் பொறுத்து எழும்பு. உன்னைச் சுமந்தபோது எனக்கு அதுதான் கைகொடுத்தது.

தினமும் போனில் கதைக்கிறோம், பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஒரு பக்கம் சமைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறாய். நான் சொல்ல நினைப்பதற்கு ஒரு தொடர்ச்சி வேண்டும். அதனால்தான் தமிழில், பேனாவால், ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக இருந்து படி. தெரியாத சொல் வந்தால் மருமகனைக் கேள்.

தை மாதக் கடைசியில் எனக்கு வேலை முடிந்தது உனக்குத் தெரியும். இங்கே ஜேர்மனியில் 27 வருடம் ஒரே ஹோட்டலில் அறை துப்புரவாக்கியவள். கடைசி நாள் கேக் வெட்டியதையும் பூக்கொத்துத் தந்ததையும் படத்தில் பார்த்தாய். அந்தப் பூக்கொத்துக்குள் ஒரு கடித உறை இருந்தது. வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன். கூட வேலை செய்த பிள்ளைகள் காசு சேர்த்து, எனக்கும் அப்பாவுக்கும் இரண்டு இரவு தங்க ஒரு குட்ஷைன், பரிசுச்சீட்டு, வாங்கியிருந்தார்கள். எந்த இடம் தெரியுமா? ட்ரெண்டல்புர்க். உன் ராப்புன்செல் கோபுரம், அந்தக் கதைப் பெண் நீளப் பின்னலைக் கீழே விட்ட கோபுரம்.

ஏழு வயதில் பள்ளிக்கூடக் கார்னிவலுக்கு நீ ராப்புன்செல் வேடம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் கம்பளி நூல் மூன்று உருண்டை வாங்கி, இரவு வேலை முடிந்து வந்து இருந்து பின்னினேன். உன் இடுப்புக்குக் கீழே தொங்கியது. தலையில் குத்தும்போது நீ கேட்டாய்: "அம்மா, ராப்புன்செலுக்குக் கறுப்பு முடி இருக்கக்கூடாதா?" கதையில் தங்கம்போல என்றுதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்வி இத்தனை வருடமும் எனக்குள்ளே கிடந்தது. கறுப்பு நூலில் பின்னியிருக்கவேண்டும். உன் சொந்த முடியையே பின்னி, அதோடு சேர்த்து நீளமாக்கியிருக்கவேண்டும்.

அந்தக் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று எத்தனை தரம் கேட்டாய். ஓம், போவோம் என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். சனி, ஞாயிறில்தான் ஹோட்டலில் ஆட்கள் கூட. எனக்கு லீவு கிடைக்கவே இல்லை. பிறகு நீ வளர்ந்துவிட்டாய், கேட்பதையும் விட்டுவிட்டாய். நீ இல்லாமல் அங்கே போய் இறங்க எனக்கு மனமே வரவில்லை. அப்பாதான் சொன்னார், "நாங்கள் போய்ப் பார்த்து வைப்போம். பேரப்பிள்ளையோடு இன்னொரு தரம் போகலாம்" என்று. அது சரியாகப் பட்டது.

போன வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டோம். ஹம்மில் ரயில் ஏறி, பாடர்போர்ன், வார்புர்க் தாண்டி ஹோஃப்கைஸ்மாரில் இறங்கி, அங்கிருந்து பஸ். அல்டன்பேக்கன் என்ற இடத்துக்குக் கிட்ட ரயில் ஒரு பெரிய கல் பாலத்தில் போகும். 1853இல் கட்டினது, 482 மீற்றர் நீளம் என்று அப்பா சொன்னார். மாசி மாத வெயில் அதில் சாய்வாக விழுந்தது. பாலம் முடியும் வரைக்கும் அப்பா யன்னலில் நெற்றியை வைத்தபடி இருந்தார்.

பஸ் டீமல் ஆற்றைத் தாண்டும்போது மேலே பார்த்தோம். குன்றின் உச்சியில் மரச்சட்ட வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, அவற்றுக்கு மேலே கோட்டை, கோட்டைக்கு மேலே அந்த வட்டக் கோபுரம். 38 மீற்றர் உயரம். உச்சி யன்னலிலிருந்து பின்னல் தொங்குகிறது! உண்மையாகத்தான் சொல்கிறேன், கயிறுபோல முறுக்கிய நீளப் பின்னல், காற்றில் கொஞ்சம் அசைந்தபடி. நான் பஸ்ஸுக்குள் எழும்பி நின்றுவிட்டேன்.

கோட்டை 13ஆம் நூற்றாண்டில் கட்டினது. ஊர்க்காரர் அதற்கு வேறொரு கதையும் சொல்வார்கள். ட்ரெண்டுலா, சபா, பிராமா என்று மூன்று அரக்கச் சகோதரிகள் இருந்தார்களாம். ஆளுக்கொரு கோட்டை. ட்ரெண்டுலாவின் கோட்டைதான் ட்ரெண்டல்புர்க். சபாவின் கோட்டை காட்டுக்குள் இருக்கும் சபாபுர்க். அதைத்தான் நூறு வருடம் தூங்கின இளவரசியின் கோட்டை என்று இப்போது சொல்கிறார்கள். இந்தக் கதைகளைச் சேர்த்து எழுதின கிரிம் சகோதரர்கள் பிறந்த ஹானாவிலிருந்து பிரேமன் வரைக்கும் ஏறத்தாழ 600 கிலோமீற்றருக்கு இப்படிக் கதை ஊர்களை இணைத்து 1975இல் ஒரு பாதை போட்டார்கள். இந்த இரண்டு கோட்டைகளும் அந்தப் பாதையில்தான் வருகின்றன.

ஊருக்குள் நடந்தபோது என் கண் அந்த வீடுகளில்தான் நின்றது. கறுத்த ஓக் மரச் சட்டங்கள், நடுவில் வெள்ளைச் சுவர். கதைப் புத்தகத்தில் பார்த்த அதே வீடு. ஒரு வீட்டில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் வெள்ளைச் சாந்தைக் கொத்தி எடுத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளே மெல்லிய தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அதன்மேல் களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பியிருக்கிறது. பிள்ளை, இது எங்கள் வரிச்சுச் சுவர்! ஊரில் உன் அம்மம்மாவின் பழைய வீடு இப்படித்தான். தடி கட்டி, மண் குழைத்து, அப்பி, மேலே மெழுகினது. விரலை வைத்துப் பார்த்தேன். வைக்கோல் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டு இருந்தது. 35 வருடமாக இந்த நாட்டில் இந்த வீடுகளைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போதுதான் கண்டேன்.

சரி, ஹோட்டலுக்கு வருகிறேன். அந்தக் கோட்டைக்குள்தான் ஹோட்டல்.

சுவர் அவ்வளவு தடிப்பு. யன்னலின் உட்பக்கத்தில் ஒரு ஆள் காலை மடித்து இருக்கலாம். அறைக்குப் போகிற படி, நடுவில் ஆட்கள் மிதித்து மிதித்துக் குழிவிழுந்திருக்கிறது. நாலு காலிலும் தூண் வைத்து மேலே துணி விரித்த கட்டில். அதை ஜேர்மன்காரர் ஆகாயக் கட்டில் என்பார்கள். படுத்தபடி மேலே பார்த்தால் துணியின் மடிப்புகள் தெரிந்தன. அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அப்படியே சாய்ந்தார். நான் கதவுக்குக் கிட்டவே நின்றேன்.

ஒரு ஹோட்டல் அறைக்குள் நான் கை வீசிக்கொண்டு நுழைந்தது அதுதான் முதல் தரம். 27 வருடத்தில் எத்தனை ஆயிரம் அறைக்குள் போயிருப்பேன். ஒரு கையில் துடைக்கிற துணி, மற்றக் கையில் விரிப்பு. முதலில் யன்னலைத் திற, கட்டிலைக் கழற்று, குளியலறை, தூசு, கடைசியாக நிலம். உடம்புக்கு வேறொன்றும் தெரியாது. கண் தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. கதவுச் சட்டத்தின் மேல்பக்கம், விளக்கின் மூடி, கட்டில் கால் நிலத்தைத் தொடுகிற இடம், எல்லாம் பார்த்தேன். ஆகாயக் கட்டிலின் மேல் சட்டத்தில், கதிரை வைத்து ஏறி, விரலை ஓட்டினேன். விரல் சுத்தமாக வந்தது. இந்த அறையைச் செய்தது யாரோ, மனம் வைத்துச் செய்திருக்கிறாள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நான் கட்டிலில் இருந்தேன்.

அவளை அடுத்த நாள் காலையில் கண்டேன். நான் எழும்பின கையோடு கட்டிலைச் செய்துவிட்டேன். இரண்டு போர்வையையும் மூன்றாக மடித்து, தலையணையைத் தட்டி, நடுவில் கையால் ஒரு வெட்டு. "இன்றைக்காவது விடு" என்று அப்பா சொன்னார், கை கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டிலோடு அவள் வாசலில் நிற்கிறாள். ருமேனியாப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எத்தனை வருடம்?" என்று கேட்டாள். எந்த வேலை என்று கேட்கவில்லை. 27 என்றேன். தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள், நான் என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். மேல் சட்டத்தை எப்படித் துடைக்கிறாய் என்று கேட்டேன். நீளக் கம்பு ஒன்றின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தாள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல யோசனை. நான் இத்தனை வருடமும் ஏணி தூக்கினவள்.

கிளம்பும்போது தலையணையில் பத்து யூரோவும் ஒரு துண்டுக் காகிதமும் வைத்துவிட்டு வந்தேன். அறையை வடிவாக வைத்திருக்கிறாய், நன்றி என்று எழுதினேன். நீயும் மருமகனும் எங்கே தங்கினாலும் இதைச் செய்யுங்கள். காசோடு இரண்டு சொல்லும் வையுங்கள். காசு அன்றைக்கே செலவாகிவிடும். அந்தக் காகிதங்களை நாங்கள் வைத்திருப்போம்.

இப்போது நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

வெள்ளி இரவு கீழே சாப்பாட்டு அறையில் மெழுகுதிரி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை என்று சொன்னேன். பரிமாறின அம்மா, வயதானவர், முதலில் ஒரு சாலட் கொண்டுவந்து வைத்தார். ஃபெல்ட்சலாட். நீ சின்னதில் ஆசையாகச் சாப்பிடுவாயே, கரண்டி மாதிரிச் சின்னச் சின்ன இலை, வேரோடு சேர்ந்து நாலைந்து இலை ஒரு கொத்தாக இருக்கும். எண்ணெய், வினாகிரி, வறுத்த பாண் துண்டு, வால்நட். வழக்கமாகப் போடுகிற பன்றியிறைச்சியை எனக்காக விட்டிருந்தார்கள். கோப்பையை வைக்கும்போது அவர் சொன்னார்: "எங்கள் பாட்டி இதை ராப்புன்செல் என்றுதான் சொல்வா."

நான் கையில் முள்ளுக்கரண்டியோடு அப்படியே இருந்துவிட்டேன். பெயர் ஒரு கீரையிலிருந்து வந்தது என்று எங்கேயோ வாசித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கீரையைத்தான் கடையில் பொதி பொதியாக வாங்கி உனக்குத் தந்துகொண்டிருந்தேன் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

உனக்குக் கதை தெரியும். ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் நிற்பது கோபுரமும் பின்னலும் இளவரசனும். தொடக்கத்தை யோசித்துப் பார். வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து கடைசியாகக் கர்ப்பமான ஒரு பெண். வீட்டின் பின்பக்கத்துச் சின்ன யன்னலால் பார்த்தால் உயர்ந்த மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். அதில் பச்சைப்பசேலென்று ராப்புன்செல் கீரைப் பாத்தி. அவளுக்கு அதைச் சாப்பிடவேண்டும்போல வருகிறது. கேட்கவும் முடியாது, அது சூனியக்காரியின் தோட்டம். நாளுக்கு நாள் வெளிறி மெலிகிறாள். "அதைச் சாப்பிடாவிட்டால் செத்துப்போவேன்" என்று புருஷனுக்குச் சொல்கிறாள். அவன் பொழுதுபட்ட பிறகு மதிலேறிக் குதித்து, அவசர அவசரமாக ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வருகிறான். ஒரு பிடி. கதையில் அந்தச் சொல்தான் இருக்கிறது.

நான் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

மகள், இதை உனக்கு நாங்கள் சொன்னதில்லை. அப்பாவுக்குச் சொல்ல விருப்பமில்லை. பிள்ளைக்கு அது தெரியத் தேவையில்லை, அவள் தலை நிமிர்ந்து வளரட்டும் என்று சொல்வார். அன்றைக்கு அந்த மேசையில் இருந்து, அவளுக்கு இப்போது சொல்லட்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லு" என்றார்.

1994 தை மாதம். நீ என் வயிற்றில் மூன்று மாதம். அகதி ஹைமில், அகதிகளை வைத்திருந்த விடுதியில், ஒரு அறை, இரண்டு இரும்புக் கட்டில், ஒரு அலுமாரி. குசினி அந்த மாடிக்கே பொது. அதற்கு முந்தின நொவம்பரில்தான் புதுச் சட்டம் வந்தது. பிறகு எங்கள் ஹைமில் சாப்பாட்டுக்குக் காசு இல்லை, பெட்டியில் கட்டித் தருவார்கள். அதில் ஒருநாளும் கீரை வந்ததில்லை. கைச்செலவுக்கு ஆளுக்கு மாதம் 80 மார்க். அதோடு இன்னொன்றும் இருந்தது. அகதி விண்ணப்பம் முடியும் வரை எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டவேண்டுமென்றால் கடிதம் வேண்டும். மதிலென்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ரயில் மற்ற ஆட்களுக்கு ஓடுகிறமாதிரித்தான் எங்களுக்கு முன்னாலும் ஓடும்.

எனக்கு ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. பாண் மணத்தாலே சத்தி. ஒருநாள் விடியற்காலை எழும்பினேன், வாய் முழுக்க வல்லாரைச் சம்பல் நினைவு. அம்மியில் அரைத்தது இல்லை. இலையை மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு, தேசிக்காய் விட்டுப் பிசைவாவே உன் அம்மம்மா, அந்தச் சம்பல். அந்தத் துவர்ப்பு நாக்கில் நிற்கிறது. நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய? ஆனால் நித்திரையில் சொல்லியிருக்கிறேன். அப்பாதான் பிறகு சொன்னார்.

பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும் என்று ஊரில் ஆச்சிமார் சொல்வார்கள். நாங்கள் அதை நம்பினோமா இல்லையா என்று கேட்காதே. அந்த அறையில் எங்களுக்கு இருந்ததெல்லாம் ஊரில் கேட்ட சொற்கள்தான்.

இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு நகரத்தில் தமிழ்க் கடை இருந்தது. கிழமைக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து மரக்கறி வரும். அப்பா கடிதம் கேட்கப் போனார். என்ன அலுவலாகப் போகிறாய் என்று கேட்டார்களாம். கீரை வாங்க என்று சொல்ல அவருக்கு ஜேர்மன் மொழியும் வரவில்லை, வாயும் வரவில்லை. திரும்பி வந்தார். அடுத்த நாள் இருட்டோடு, எனக்குச் சொல்லாமல் போய்விட்டார்.

திரும்பும்போது ஸ்டேஷனில் பொலிஸ் மறித்தது. கடிதம் இல்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினார்கள். மூன்று மணித்தியாலம். கீரைப் பையை ஹீட்டருக்குக் கிட்ட வைக்கச் சொன்னார்களாம். அவர் எடுக்கப் பார்த்தபோது இரு என்று கையைக் காட்டினார்கள். இரவு எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினார். நான் பயத்தில் அழுது முடித்திருந்தேன். பையைத் திறந்தால் ஒரு பிடி கறுத்துச் சுருண்டு, கையில் எடுக்கவே கரைந்தது. இன்னொரு பிடி மட்டும் பச்சையாக இருந்தது, இலையில் குளிர்கூட ஆறவில்லை. எப்படி என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. பொதுக் குசினியில் யாரோ வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழப் பாதி இருந்தது. தேங்காய்ப்பூ இல்லை. உப்பும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, பெட்டியில் வந்த சோற்றோடு சாப்பிட்டேன். அது தங்கியது. அன்றைக்குத்தான் முதல் தரம் தங்கியது.

குற்றப்பணம் கட்டச் சொல்லிக் கடிதம் பிறகு வந்தது. ஒரு மாதத்துக் கைச்செலவு முழுக்கப் போனது. ஆடியில் நீ பிறந்தாய். உன் இரண்டு காதையும் அப்பா லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

அந்த இரவு ட்ரெண்டல்புர்க்கில் எனக்கு நித்திரை வரவில்லை. கதையில் அந்தத் தாய்க்கு என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். இரண்டாம் தரம் மதிலேறும்போது புருஷன் பிடிபடுகிறான். பிறக்கிற பிள்ளையைத் தருவதாகச் சொல்லித் தப்புகிறான். பிள்ளை பிறந்த உடனே சூனியக்காரி வந்து, அந்தக் கீரையின் பெயரையே வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறாள். அதோடு தாய் இல்லை. பிறகு கதை முடியும்வரைக்கும் அவள் வருவதே இல்லை. அவள் அந்தச் சின்ன யன்னலில் நின்றாளா, மகளைத் தேடினாளா, பேரப்பிள்ளைகளைக் கண்டாளா, ஒரு வரிகூட இல்லை.

பேரப்பிள்ளைகள் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? சனிக்கிழமை காஸலுக்குப் போய் கிரிம் சகோதரர்களின் மியூசியத்தைப் பார்த்தோம். 2015இல் திறந்தது. புத்தக ஓரத்தில் அவர்கள் தங்கள் கையால் குறிப்பெழுதித் திருத்தின பிரதிகள் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1812இல் வந்த முதல் பதிப்பில் ராப்புன்செல், "என் உடுப்பெல்லாம் ஏன் இறுகிக்கொண்டு வருகிறது?" என்று கேட்பாளாம். அவளுக்கு விளங்கவில்லை, நமக்கு விளங்குகிறது. குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் இப்படியா என்று ஆட்கள் குறை சொல்ல, பிறகு வந்த பதிப்புகளில் அதை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் 1857 கடைசிப் பதிப்பு வரைக்கும் வனாந்தரத்தில் அவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறக்கத்தான் செய்கிறது. ஒரு பெடியன், ஒரு பெட்டை. அந்த நேரம் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அங்கே இன்னொரு பெண்ணின் படமும் கண்டேன். டோரோதியா ஃபீமன். 1755இல் காஸலுக்குக் கிட்ட ஒரு சத்திரத்தில் பிறந்தவர். தகப்பன் சத்திரம் நடத்த, இவர் வழிப்போக்கர் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர். பிறகு காஸலுக்கு வந்து தோட்டத்து மரக்கறி விற்றுப் பிழைத்தார். வரும்போதெல்லாம் சகோதரர்களுக்குக் கதை சொல்வார். நாற்பது கதைக்குக் கிட்ட அவர் சொன்னவை என்கிறார்கள். சத்திரத்தில் வளர்ந்து மரக்கறி விற்ற பெண்! படத்தில் கையை மடித்து வைத்திருக்கிற விதத்தை நெடுநேரம் நின்று பார்த்தேன். வேலை செய்த கை.

ஞாயிறு காலையில் கோபுரத்தில் ஏறினோம். அப்பாவின் முழங்காலுக்குப் பயந்து வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இடையிடையே நின்று நின்று ஏறினார். மேலே காற்று முகத்தில் அடித்தது. கீழே டீமல் ஆறு வளைந்து போகிறது, அந்தப் பக்கம் முழுக்க ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காடு, இலையில்லாமல் மண்ணிறமாக. கதையில் அந்தக் கோபுரத்துக்குப் படியும் இல்லை, வாசலும் இல்லை. இதற்குப் படியும் இருக்கிறது, வாசலும் இருக்கிறது, பிடித்து ஏறக் கயிறும் இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு நாலு வயதாகும்போது தானே ஏறிவிடும்.

சரி, இப்போது உனக்கு. போனில் என்ன சாப்பிட ஆசை என்று கேட்டால், ஒன்றுமில்லை அம்மா என்கிறாய். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒன்றுமில்லை என்று சொல்லாதே. நடு இரவில் வந்தாலும் சொல்லு, எனக்குச் சொல்லாவிட்டால் மருமகனுக்குச் சொல்லு. அங்கே கனடாவில், ஸ்காபரோவில் தமிழ்க் கடை ஒவ்வொரு மூலையிலும் இருக்கிறது என்கிறாய். வல்லாரை வாங்கினால் தண்டை முற்றலாகப் பார்த்து எறிந்துவிட்டு, இலையை மூன்று தண்ணீரில் கழுவு. ஆனால் கர்ப்ப காலத்தில் எந்தக் கீரை எவ்வளவு என்று உன் டொக்டரை ஒருக்கா கேட்டுக்கொள். அந்த நாளில் எனக்குக் கேட்க ஆளில்லை, நீ கேட்கலாம்.

ஆனி முதல் கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. பிள்ளை பிறந்து 31 நாள் கழியும்வரை எங்கேயும் அசையமாட்டேன், அதற்குப் பிறகும் நீ போ என்று சொல்லும்வரை இருப்பேன். சரக்குத்தூளை இங்கேயே வறுத்து இடித்துக்கொண்டு வருகிறேன், அங்கே கடையில் வாங்கவேண்டாம். கம்பளி நூலும் வாங்கிவிட்டேன். மூன்று உருண்டை. கறுப்பு.

மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. குளிசையை மறக்காதே.

உன் அன்பு அம்மா

மகள், அப்பா எழுதுகிறேன். அம்மா இரண்டு பிடி என்று எழுதியிருக்கிறா. மூன்று பிடி வாங்கினேன். ஒரு பிடியைக் கடையிலேயே நனைத்து, பேப்பரில் சுற்றி, சேட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். பையில் இருந்த இரண்டும்தான் கருகினது, ஒன்றை வழியிலேயே எறிந்துவிட்டேன். உள்ளே இருந்ததைப் பொலிஸ் காணவில்லை. ஸ்டேஷனில் இருந்து ஹைமுக்கு நாலு கிலோமீற்றர், கடைசி பஸ் போய்விட்டது. நல்ல பனி. அதனால்தான் இலை வாடாமல் வந்தது.